இமை மேல ஒரு கோடு: தழும்பை ஒளிச்சு வைக்க நடந்த போராட்டம்

போன மாசம் ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு. பெங்களூர்ல வேலை பார்க்கிற ஒரு தோழி அனுப்பியிருந்தாங்க. மேல் இமையில அழகுக்காக ஒரு சர்ஜரி பண்ணி ஆறு வாரம் ஆகுது. வீட்ல யார்கிட்டயும் சொல்லல. வீடியோ கால் வந்தா தடியா ஃப்ரேம் போட்ட கண்ணாடிய மாட்டிக்கிறாங்க. "கோடு சிவப்பா, தடிப்பா தெரியுது. கிளினிக்ல கேட்டா திரும்பத் திறந்து சரி பண்ணிடலாம்னு சொல்றாங்க. பண்ணிடவா?"

நான் டாக்டர் இல்ல, கோட் எழுதுறவன். ஆனா இந்தக் கேள்விக்குப் பின்னாடி கிட்டத்தட்ட ரெண்டாயிரம் வருஷக் கதை இருக்கு. அதைச் சொல்லிட்டு அவங்களுக்கு என்ன பதில் அனுப்பினேன்னு சொல்றேன்.

முதல்ல ரோம். கி.பி. முதல் நூற்றாண்டுல செல்சஸ்னு ஒருத்தர் 'டி மெடிசினா'ன்னு ஒரு மருத்துவப் புத்தகம் எழுதினார். தொங்கிப்போன மேல் இமைத் தோலை எப்படி வெட்டித் தைக்கிறதுன்னு அதுல இருக்கு. கூடவே ஒரு எச்சரிக்கை: அளவுக்கு மேல வெட்டிட்டா கண் மூடாது. அப்படி ஆகிப்போனவங்களுக்கு என்ன பண்றது? ரொம்பக் குறைஞ்சு போயிருந்தா ஒண்ணும் பண்ண முடியாதுன்னு நேரடியாவே எழுதிட்டார். கொஞ்சமா குறைஞ்சிருந்தா ஒரு வழி இருக்கு. புருவத்துக்குக் கீழ பிறை வடிவத்துல, முனை ரெண்டும் கீழ பார்த்த மாதிரி ஒரு வெட்டு. அதைத் தைக்கக் கூடாது. ஓரங்கள் ஒட்டிக்காம இருக்க நடுவுல துணிநூலைத் திணிக்கணும். அந்த இடைவெளியில புதுச் சதை வளர்ந்து நிரம்பும், இமை கொஞ்சம் கீழ இறங்கும்.

இதுல கவனிக்க வேண்டிய விஷயம், ஒரு தழும்பு பண்ணின சேதத்தைச் சரி பண்ண அவர் வேணும்னே இன்னொரு தழும்பை வளர்க்கிறார். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

அடுத்து சுமார் கி.பி. 1000, முஸ்லிம் ஆட்சியில இருந்த ஸ்பெயின். அல்-சஹ்ராவியோட பெரிய மருத்துவ நூல்ல கத்தியே இல்லாத ஒரு முறை இருக்கு. அதிகப்படியான இமைத் தோலை மடிச்சு ரெண்டு நாணல் குச்சிக்கு நடுவுல வச்சு, ரெண்டு முனையையும் இறுக்கிக் கட்டிடணும். ரத்தம் போகாம அந்தத் தோல் செத்து, கருத்து, தானா விழுந்துடும். துணி காயப்போடுற கிளிப்பை இமையில மாட்டிக்கிட்டு நாள் கணக்கா நடமாடுறதை யோசிச்சுப் பாருங்க.

1861ல வியன்னாவுல கார்ல் லாங்கர்னு ஒரு உடற்கூறியல் நிபுணர். பிணங்களோட தோல்ல வட்டமான கூர்முனையால ஓட்டை போட்டுக்கிட்டே போனார். வட்டமா குத்தினா ஓட்டையும் வட்டமாத்தானே இருக்கணும்? இல்ல, நீளமான கீறலா இழுத்துக்கிச்சு. அதுவும் உடம்போட ஒவ்வொரு பகுதியிலயும் ஒரு குறிப்பிட்ட திசையில. தோலுக்குள்ள ஒரு இழுவிசை ஓடுதுன்னு அதுல தெரிஞ்சது. அந்தத் திசையோடயே வெட்டினா கோடு மெல்லிசா ஆறும், குறுக்க வெட்டினா அகலமாகும். எட்டாவது படிக்கும்போது கிரிக்கெட் பந்து பட்டு என் புருவத்துல நாலு தையல் போட்டாங்க, செங்குத்தா. அது இன்னைக்கும் தெரியுது. இமையில இந்தக் கோடுகள் படுக்கையா ஓடுது, மடிப்பும் படுக்கையா இருக்கு, தோலும் உடம்புலயே ரொம்ப மெல்லிசு. அதனாலதான் இமைத் தழும்பு பொதுவா நல்லா ஆறுது.

இருபதாம் நூற்றாண்டு ஆரம்பத்துல பாரிஸ்ல சூசான் நோயல்னு ஒரு பெண் சர்ஜன் இருந்தாங்க. அழகு சர்ஜரியோட சமூகப் பங்கு பத்தி 1926ல ஒரு புத்தகமே போட்டாங்க. முகத்துல வயசு தெரிஞ்சா வேலை போயிடும்னு பயந்த பெண்கள் அவங்ககிட்ட வந்தாங்க. அவங்களுக்குத் தழும்பு தெரியக் கூடாதுங்கிறது சம்பளப் பிரச்சினை. அதே பாரிஸ்ல 1924ல ஜூலியன் பூர்கே ஒரு முறையை அறிவிச்சார். கண்ணுக்குக் கீழ இருக்கிற பையைக் கரைக்க வெளித்தோலைத் தொடவே வேண்டாம், கீழ் இமையோட உள்பக்க ஈரத்தோல் வழியா கொழுப்பை எடுத்துடலாம்னு. வெட்டு இருக்கு, ஆனா இமைக்குள்ள ஒளிஞ்சிருக்கு. இந்த முறைக்கு 1970கள்ல திரும்ப மவுசு வந்தது. இன்னைக்கும் பண்றாங்க.

இப்ப ஜப்பான். எனக்குப் பிடிச்ச பகுதி இதுதான். மேல் இமையில மடிப்பு இல்லாதவங்களுக்கு மடிப்பு உண்டாக்குற டபுள் ஐலிட் சர்ஜரியை அமெரிக்கர்கள்தான் கொரியாவுக்குக் கொண்டுபோனாங்கன்னு ஒரு கதை உண்டு. ரால்ஃப் மில்லார்டுங்கிற அமெரிக்க சர்ஜன் 1950கள்ல அங்க இதைப் பண்ணி, 1955ல எழுதினார், உண்மைதான். ஆனா அதுக்கு ரொம்ப முன்னாடி, 1896லயே மிகாமோங்கிற ஜப்பானிய மருத்துவர் இதை வெளியிட்டுட்டார். ஒரு கண்ல மடிப்பு இருந்து இன்னொரு கண்ல இல்லாத ஒரு பெண்ணுக்குப் பண்ணினார். வெட்டே இல்ல. மூணு பட்டு நூல் தையல். சில நாள் கழிச்சு நூலை உருவிட்டார்.

நூலை உருவின பிறகு மடிப்பு எப்படி நிக்கும்? நூல் இருந்த பாதையில உள்ளுக்குள்ள தழும்பு உருவாகி, தோலை உள் அடுக்கோட ஒட்டிப் பிடிச்சுக்கும். அதாவது அந்த மடிப்பே ஒரு தழும்புதான்! 1929ல மாருவோ வெட்டித் தைக்கிற முறையை எழுதினார். அன்னையிலருந்து பேரம் இதுதான்: நூல் முறையில வெளிய கோடு தெரியாது, ஆனா உள்ள இருக்கிற பிடி தளர்ந்தா மடிப்பு போயிடலாம். வெட்டினா நிலைச்சு நிக்கும், ஆனா கோடு விழும். "தழும்பே இல்லாத டபுள் ஐலிட்"னு விளம்பரம் பார்த்தா இப்ப எனக்குச் சிரிப்பு வருது. தழும்பே இல்லைன்னா மடிப்பும் இல்ல.

உண்மையான தலைவலி மூக்கு ஓரத்துல. கண்ணோட உள் மூலையைத் திறக்கிற சர்ஜரியில வெட்டு மெல்லிய இமைத் தோலைத் தாண்டி மூக்குப் பக்கத் தடிச்ச தோலுக்குப் போகுது, இழுவிசையும் அதிகம். அதனால கோடு பளிச்சுனு தெரியும். 1996ல இசட் வடிவ வெட்டு வந்தது. 2007ல கொரிய சர்ஜன்கள் வெட்டைக் கீழ் இமை மயிர் ஓரமா கொண்டுபோய் ஒளிச்சாங்க. கோடு அழியல, முகவரி மாறிடுச்சு.

தெரிஞ்ச தழும்புக்கு மருந்தே இல்லையான்னா, இருக்கு. 1980கள்ல ஆஸ்திரேலியாவுல தீக்காயத் தழும்புக்குப் போட்ட சிலிக்கான் ஜெல் இமைக்கும் வந்தது, கண்ணுக்குள்ள போகாமப் பார்த்துக்கணும். தடிச்ச தழும்புக்கு ஸ்டீராய்டு ஊசி போடுறாங்க. ஆனா கண்ணுக்குப் பக்கத்துல அது விளையாட்டு இல்ல, ரொம்ப அரிதா பார்வையே போன சம்பவங்கள் உண்டு. சிவப்பைக் குறைக்க லேசர் 1990கள்ல வந்தது. கருவிழி மேல உலோகக் கவசம் வச்சுத்தான் இமையில அடிப்பாங்க. நம்ம நிறத்துக்கு லேசர்ல கருப்படையிற ஆபத்தும் இருக்கு, வெயில்லயும் கோடு கருக்கும்.

இவ்வளவையும் படிச்சுட்டு அந்தத் தோழிக்கு நான் அனுப்பினது இதுதான்: ஆறு வாரம்ங்கிறது தழும்பு மோசமா தெரியுற கட்டம். புது ரத்தக்குழாய்களும் கொலாஜனும் அங்க குவிஞ்சிருக்கு. அடங்க ஆறு மாசத்துலருந்து ஒரு வருஷம் ஆகும். அதுக்குள்ள திறந்தா, இருக்கிற கொஞ்சத் தோலும் போகும். தோல் குறைஞ்சா என்ன ஆகும்னு செல்சஸே எழுதி வச்சிருக்கார். கண் சரியா மூடலைன்னாலோ, வலியோ பார்வை மங்கலோ இருந்தாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்காதீங்க. இல்லைன்னா, திறக்கிறதுக்கு முன்னாடி வேற ஒரு கண் இமை சர்ஜன்கிட்டக் காட்டுங்க. மாசம் ஒரு தடவை அதே ஜன்னல், அதே வெளிச்சத்துல ஒரு போட்டோ எடுங்க.

போன வாரம் பதில் வந்துச்சு. இன்னொரு சர்ஜனைப் பார்த்திருக்காங்க. அவரும் காத்திருக்கத்தான் சொன்னாராம். ரெண்டாவது சர்ஜரியைக் கேன்சல் பண்ணிட்டாங்க. அம்மாகிட்டயும் சொல்லிட்டாங்க. அம்மா கண்ணாடியைக் கழட்டச் சொல்லி ரொம்ப நேரம் பார்த்துட்டு, முதல்ல கேட்டது: "எவ்ளோடி ஆச்சு?"