படைவீரரின் செவியும் ஓய்வூதிய விதியும்

போர்க்களத்திலிருந்து மீளும் வீரனின் காயங்களுள் கண்ணுக்குப் புலப்படாத ஒன்றுண்டு. காலிழந்தவருக்கு வழிவிடும் உலகம், செவி மங்கியவரை 'கூப்பிட்டாலும் திரும்பிப் பாரார்' என்று குறை கூறுகின்றது. அக்குறைக்கு அரசினர் ஈடளித்த விதத்தையும், ஈடு மறுக்கப்பட்டோர் முறையிட்ட வரலாற்றையும் இங்குக் காண்போம். அணுசக்தி நகரிலும் செம்பூரிலும் குடியேறியுள்ள தமிழன்பர்களுக்கு இது தொலைவிலுள்ள செய்தியன்று. பக்கத்து மான்கூர்டிலேயே கடற்படையின் 'தானாஜி' நிலையம் உள்ளது. படைப் பணி முடித்த தமையனையோ மாமனையோ உடையவர் நம்மிடையே பலராவர்.

வெடிமருந்தோடு தமிழர் கொண்ட உறவு பழமையானது. 1780-இல் தொடங்கிய சென்னைச் சுரங்கப்படையினருக்கு வெடி வைத்தலே தொழில். முள்வேலிகளைத் தகர்க்கும் 'பங்களூர் டார்பிடோ' என்னும் நீண்ட வெடிக்குழாயை 1912-இல் ஆக்கியவர் அப்படையின் அதிகாரி ஒருவரே. அப்படையின் சுபேதார் சுப்பிரமணியம், 1944 பிப்ரவரி 24-ஆம் நாள் இத்தாலியில், தோழர்களைக் காக்கக் கண்ணிவெடி மீது தம் உடலைக் கிடத்தி உயிர் நீத்தார்; ஜார்ஜ் சிலுவை பெற்ற முதல் இந்தியர் அவரே. இத்தகைய தியாகம் பதக்கத்தில் பதிவாகிறது. நாள்தோறும் வெடியருகே நின்று, உயிரோடு ஓய்வு பெற்றவரின் செவி எந்த ஏட்டில் பதிவாயிற்று?

துப்பாக்கி, பீரங்கி இவற்றின் ஓசை 140 டெசிபலையும் கடப்பது. உட்செவியிலுள்ள நுண்மயிர் உயிரணுக்கள் அதனால் மடிகின்றன. மடிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. முதலிற் கெடுவது வினாடிக்கு நாலாயிரம் அதிர்வை ஒட்டிய உயர்ந்த ஒலியாகும். ஆதலால் உயிரெழுத்து கேட்கும், வல்லெழுத்து மயங்கும். 'சட்டி' என்றாலும் 'தட்டி' என்றாலும் அவருக்கு ஒன்றே. அண்டை வீட்டுக்காரரின் கனத்த குரல் விளங்கும். பேத்தியின் மழலை விளங்காது. இதனுடன் பலருக்கு இரவெல்லாம் காதிரைச்சல். அவ்விரைச்சலை நேரே அளக்கும் கருவி இன்றளவும் இல்லை. நோயுற்றவர் சொல்லே சான்று.

தொல்லை இங்கேதான் தொடங்குகின்றது. படையிற் சேரும்போது, மருத்துவர் ஏறத்தாழ ஆறு மீட்டர் தொலைவில் நின்று கிசுகிசுக்க, முதுகு காட்டி நிற்கும் இளைஞன் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னால் தேர்ச்சி. எவ்வளவு நுண்ணிய செவி அவனுடையது என்பதற்கு அச்சோதனை அளவு எதுவும் விட்டுச் செல்வதில்லை.

1961-ஆம் ஆண்டின் ஓய்வூதிய ஒழுங்குமுறை இரண்டு நிபந்தனைகளை விதித்தது: குறை படைப்பணியால் விளைந்ததாகவோ மிகுந்ததாகவோ இருத்தல் வேண்டும், அது நூற்றுக்கு இருபதுக்குக் குறையாதிருத்தல் வேண்டும். 1982-ஆம் ஆண்டின் தகுதி விதிகள் வீரர்பால் பரிவுடையவை. சேரும்போது நோய்க்குறிப்பு இல்லையெனில் அவர் நலமாகவே சேர்ந்தார் என்று கொள்க. நிரூபிக்கும் சுமையை அவர்மேல் ஏற்றற்க. ஐயம் எழின் அதன் பயன் அவருக்கே என்றன அவை. விதி இவ்வாறிருக்க, விடுவிக்கும் மருத்துவக் குழுவினர் 'பணியால் விளைந்ததன்று, மிகுந்ததுமன்று' என்று ஒரே வரியில் எழுதிக் கோப்பை மூடினர். காரணம் எழுதாத அவ்வொரு வரி எத்தனை குடும்பங்களின் வருவாயை மறித்தது!

மறுக்கப்பட்டவர் துறைக்குள்ளேயே மேல்முறையீடு செய்யலாம்; அங்கும் தோற்றால் உயர்நீதிமன்றம் என்பதே நெடுங்கால நிலை. 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2009-இல் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் பணி தொடங்கியது. சென்னையிலும் மும்பையிலும் அதற்கு அமர்வுகள் உண்டு. 2013 ஜூலையில், வலிப்பு நோயால் விடுவிக்கப்பட்ட ஒரு வீரரின் வழக்கில் உச்சநீதிமன்றம் 1982-ஆம் ஆண்டு விதிகளின் சொல்லுக்கு உயிரளித்தது: நிரூபிக்கும் சுமை படைத்துறையினுடையது; மருத்துவக் குழு காரணம் கூறியாக வேண்டும். நோய் வேறாயினும் அந்நியாயம் செவிக்கும் பொருந்தும். 2014 டிசம்பரில் வந்த தீர்ப்பு செவிக்குறையுடையோருக்கு அதனினும் பயன் மிக்கது என்பது என் கருத்து. ஐம்பதுக்குக் குறைந்த ஊன விகிதத்தை ஐம்பதாகவே கொள்ளும் சலுகை, பணிக்காலம் முழுவதும் முடித்து ஓய்வு பெற்றோர்க்கும் உரியது என்றது அது. செவி மங்கியவர் பெரும்பாலும் இடையில் நீக்கப்படுவதில்லை; மங்கிய செவியோடே காலத்தை முடிக்கிறவர் அல்லரோ?

அமெரிக்காவில் முன்னாள் வீரர்களுக்கு ஏற்கப்பட்ட ஊனங்களுள் எண்ணிக்கையில் முதலிடம் காதிரைச்சலுக்கே. அதற்கு நூற்றுக்குப் பத்து விகிதம் தருகின்றனர். இங்கோ இருபது என்னும் வாயிலைத் தனி இரைச்சல் தாண்டுவது கடினம். ஆலைத் தொழிலாளர் நிலையும் நினைக்கத் தக்கது. இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மைக்கு 1948 முதல் சட்டத்தில் ஈடு உண்டு. நாட்டில் முதல் தொழிலாளி அதைப் பெற்றது 1996-இல்தான். தறிகளின் ஓசையில் வளர்ந்த மும்பைக்கு இதன் பொருள் நன்கு விளங்கும்.

2023 செப்டம்பர் 21 முதல் புதிய தகுதி விதிகள் நடைமுறைக்கு வந்துள்ளன. முன்னாள் வீரர் சங்கங்கள் பல அவற்றைக் குறை கூறின. அந்நாளுக்கு முன் பணி விட்டோர்க்குப் பழைய விதிகளே அளவுகோல். இறுதி ஆணை கிடைத்த ஆறு மாதத்திற்குள் தீர்ப்பாயத்தை அணுகுதல் முறை. காலம் கடந்தோரும் மனம் தளர வேண்டியதில்லை: ஓய்வூதிய மறுப்பு மாதந்தோறும் தொடரும் தீங்கு என்று 2008-இலேயே உச்சநீதிமன்றம் கூறியுள்ளது, ஆயின் நிலுவை மனுவுக்கு முந்தைய மூன்றாண்டுகளுக்கு மட்டுமே கிடைக்கும். சேர்ந்த நாளின் மருத்துவத் தாள், இடையில் எடுத்த செவிச் சோதனை வரைபடங்கள், விடுவிப்புக் குழுவின் அறிக்கை, பீரங்கிப் பிரிவிலோ கப்பலின் பொறியறையிலோ பணியாற்றியதைக் காட்டும் ஆவணம் ஆகியவற்றை, ஊரிலுள்ள பழைய இரும்புப் பெட்டியிலாயினும் தேடி எடுத்து வைத்திருப்பின், வழக்கறிஞரின் பாதி வேலை முடிந்ததாகும்.