நீரிறைக்கும் சக்கரம்

கொள்ளிடம் தாழ்வான படுகையால் நீரைத் தன்பால் ஈர்த்துக்கொள்ள, தஞ்சைக்குச் செல்லும் காவிரி மெலிந்துவந்தது. அதைத் தடுக்க 1836இல் ஆர்தர் காட்டன் கட்டியதே முக்கொம்பு மேலணை. சில ஆண்டுகளுக்கு முன் மக்தபுப் பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்றிருந்தோம். ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் வழிநெடுகத் தண்ணீர் கேட்டான், அடிக்கடி ஒதுங்கினான். பாடத்தின் நடுவிலும் சில நாட்களாக அவன் எழுந்தெழுந்து போவதுண்டு. ஓதச் சோம்பியே போகிறான் என்றெண்ணிக் கடிந்திருந்தோம். அன்றும் கடிந்தோம். பத்து நாள் கழித்து அவன் மருத்துவமனையில் நினைவிழந்து கிடந்தபோதுதான் நமக்கு இப்னு ஸீனா நினைவுக்கு வந்தார்.

ஷைகுர் ரயீஸ் என்று போற்றப்படும் அப்பெரியார் (980–1037) தம் ‘அல்கானூன்’ நூலில் இந்நோயை விவரித்துள்ளார். கிரேக்கச் சொல்லை ஒட்டிய ‘தியாபீதுஸ்’ என்னும் பெயரோடு ‘தூலாப்’ என்ற பெயரும் இதற்கு உண்டு. தூலாப் என்றால் நீரிறைக்கும் சக்கரம். ஒருபுறம் முகந்து மறுபுறம் கொட்டுவது. அப்துல் லத்தீஃப் அல்பக்தாதி (இறப்பு 1231) இந்நோய்க்கென்றே தனி நூல் எழுதினார். நம் நாட்டு வைத்தியர்கள் சிறுநீரின் இனிப்பை அறிந்து மதுமேகம் என்றனர். நீரிழிவு என்னும் தமிழ்ச் சொல்லோ அரபுச் சொல் காட்டும் காட்சியையே காட்டுகிறது. இவற்றையெல்லாம் படித்த நாம், கண்ணெதிரே சுழன்ற சக்கரத்தை அறிந்தோமில்லை.

பெயரறிந்த முன்னோராலும் இவ்வகை நோயுற்ற குழந்தைகளைக் காக்க இயலவில்லை. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வரும் நீரிழிவு வேறு, இது வேறு. உடலின் காவற்படையே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழித்துவிடுகிறது. இனிப்புத் தின்றதால் வருவதன்று, தாயின் குற்றமுமன்று. இன்சுலின் இல்லையேல் உண்ட உணவு உடலிற் சேராது. இரத்தத்தில் அமிலம் பெருகி உயிர் போகும். பட்டினிபோட்டுச் சில மாதங்கள் நாளைக் கடத்துவதே அக்கால வைத்தியம்.

1922 ஜனவரி 11ஆம் நாள் டொராண்டோ நகரில் லியோனார்ட் தாம்ஸன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. எடை ஏறத்தாழ 30 கிலோ, எலும்பும் தோலுமே. அம்மருந்து தூய்மையற்றது, பயன் சொற்பம், ஊசி போட்ட இடத்தில் கட்டியும் வந்தது. காலிப் என்பவர் அதைத் தூய்மையாக்கித் தர, ஜனவரி 23இல் மீண்டும் போட்டனர், பிழைத்தான். அவ்வாண்டே ஊசி தொடங்கிய தியோடர் ரைடருக்கு வயது ஐந்து. அவர் 1993 வரை வாழ்ந்தார்! கண்டுபிடித்தோர் காப்புரிமையைத் தலா ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தனர். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கியது 1948இல்.

நம் சிறுவனும் பிழைத்தான், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வீடு திரும்பியதும் உறவினர் சூழ்ந்துகொண்டனர்: “பச்சைப் பிள்ளைக்கு நாளெல்லாம் ஊசியா? ஓதிப் பார்ப்போம், நாட்டு மருந்து கொடுப்போம்.” ஓதுவதைத் தடுப்போர் யார்? ஓதும் வேலையே நம் வேலை. ஆயினும் ஓதிய கையோடு ஊசியை நிறுத்தச் சொல்பவர் பிள்ளையை 1922க்கு முன்னே கொண்டுபோய் விடுகிறார். காய்ச்சலில் உணவு இறங்காத நாளிலும் இன்சுலினை அடியோடு நிறுத்தலாகாது. அளவை மருத்துவர் சொல்வார். பருவமடையாத பிள்ளைக்கு நோன்பு கடமையில்லை. பருவமடைந்த பின்னும் நோயாளிக்குக் குர்ஆனே சலுகை தந்திருக்கிறது.

அவன் தாய் எழுதப் படிக்க அறியாதவர். இன்று விரல்நுனியில் துளி இரத்தமெடுத்துச் சர்க்கரை பார்க்கிறார். அதற்கேற்ப உணவுக்கு முன் ஊசி போடுகிறார். குளிர்ப்பெட்டி இல்லாத வீடு. நீர் ஊற்றிய மண்பானைக்குள் சிறு கலயம் வைத்து, நனையாதவாறு மருந்தைக் காக்கிறார். அளவு 70க்குக் கீழே இறங்கினால் நடுக்கம், வியர்வை, காரணமற்ற கோபம். உடனே சர்க்கரை தரவேண்டும், கால்மணி நேரத்தில் மறுபடி பார்க்கவேண்டும். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்கு ஓடவேண்டும். இவையனைத்தையும் நமக்குக் கற்பித்தவர் அவரே.

மக்தபில் நம் மேசையறையில் இப்போது ஒரு சர்க்கரை டப்பா இருக்கிறது. பாடத்தின் நடுவே அவன் எழுந்தால் ஏனென்று கேட்பதில்லை.