பிணியும் பாட்டும்

வைத்தியர் கொடுத்த மருந்து பலிக்காமல், உற்றார் செய்த உபசாரமும் ஆறுதல் தராமல், படுக்கையே உலகமாகச் சுருங்கிவிட்ட நிலையில், எஞ்சியிருந்த சொல்வன்மை ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு பாடத் தொடங்கியவர்கள் தென்னாட்டுச் சரித்திரத்தில் பலர். அவர்களுடைய கதைகளை நாம் அற்புதங்களாகவே கேட்டுப் பழகிவிட்டோம். நோய் தீர்ந்ததா என்ற கேள்வியிலேயே கேட்பவர் மனம் நின்றுவிடுவதால், தீருகிற வரையில் அந்த நோயாளி எப்படி நாட்களைக் கழித்தார் என்பதை விசாரிப்பார் இல்லை. எனக்கோ அந்த இடைக்காலமே முக்கியமாகத் தோன்றுகிறது.

இவ்வழக்கத்துக்குத் தமிழில் மூத்த சாட்சி திருநாவுக்கரசர். ஏழாம் நூற்றாண்டில், சமண சமயத்தில் தருமசேனர் என்ற பெயரோடு பெருமதிப்புடன் இருந்த அவரைச் சூலை நோய் பற்றியது. உடனிருந்தவர்களுடைய மந்திரமும் மருந்தும் பயன்படாமற்போகவே, கெடில நதிக்கரையிலுள்ள திருவதிகைக்கு, தமக்கையார் திலகவதியாரிடம் வந்து சேர்ந்து, வீரட்டானத்து இறைவன்முன் தம் முதற் பதிகத்தைப் பாடினார் என்று சேக்கிழார் விரித்துரைக்கிறார். நான்காம் திருமுறையின் முதலில் நிற்கும் அப்பதிகத்தைப் படிப்பவர், அதில் வலியை மறைக்கும் பாசாங்கு சிறிதும் இல்லை என்பதைக் காண்பார்கள். நோய் உடலில் எங்கே பிடிக்கிறது, எவ்வாறு முடக்குகிறது என்பதையெல்லாம் சொல்லி முறையிடுகிறார். சற்றே கோபித்தும் கொள்கிறார். அப்படித் துடித்தவர் சொல்லிய சொல் கொல்லிப் பண்ணில் அமைந்து, யாப்புக் குலையாமல் வந்திருப்பதே வியப்பு. அதே நூற்றாண்டில் வடக்கே ஹர்ஷருடைய சபையில் விளங்கிய மயூர கவி, சூரிய சதகம் இயற்றிக் குஷ்டம் நீங்கப்பெற்றார் என்பதும் ஐதிகம்.

எனினும், நோயாளி ஒருவர் தம் நாட்களைப் பாட்டால் அளந்து கழித்த கதை மலையாள தேசத்தில்தான் முழுமையாகக் கிடைக்கிறது. பாரதப்புழைக்கு அருகிலுள்ள மேல்பத்தூர் இல்லத்தில், பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டிப் பிறந்தவர் நாராயண பட்டதிரி. அவருக்கு வியாகரணம் கற்பித்த திருக்கண்டியூர் அச்சுத பிஷாரடி, ஜோதிஷ கணிதத்திலும் பெரும் புலமை படைத்தவர். அந்தக் குருவைப் பீடித்த வாத ரோகத்தைச் சீடர் தம் உடலில் தாமே விரும்பி ஏற்றுக்கொண்டார் என்று கேரளத்தில் சொல்வார்கள். வைத்தியர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நாமும் வற்புறுத்த வேண்டியதில்லை. கைகால் முடங்கிய இளைஞர், பரிகாரம் கேட்டு மலையாளக் கவி எழுத்தச்சனிடம் ஆள் அனுப்பியபோது, 'மீன் தொட்டு உண்ணட்டும்' என்று விடை வந்ததாம். நம்பூதிரிக்கு இப்படியும் ஒரு யோசனையா என்று மற்றவர்கள் முகம் சுளிக்க, பட்டதிரி மட்டும், மத்ஸ்யம் முதலாக அவதாரங்களைப் பாடு என்பதே அதன் கருத்தென்று உணர்ந்து, தம்மைக் குருவாயூருக்குத் தூக்கிச் செல்லும்படி கேட்டுக்கொண்டார்.

கோயிலின் வாதில்மாடத்தில் அமர்ந்து, நாள் ஒன்றுக்கு ஒரு தசகம், அதாவது ஏறக்குறையப் பத்துச் சுலோகம், என்று அவர் நியமம் வகுத்துக்கொண்டார். பதினெண்ணாயிரம் கிரந்தம் என்று பேர்பெற்ற பாகவதத்தின் சாரத்தை 'நாராயணீயம்' என்ற நூலாக 100 தசகங்களில், 1036 சுலோகங்களில் அடக்குவதென்பது ஆரோக்கியவானுக்கும் எளிய காரியமன்று. இன்று எந்தச் சரித்திரத்தை எடுப்பது, எந்த விருத்தத்தில் அமைப்பது, எதை விடுவது என்ற சிந்தனை விடியும்போதே வந்து நிற்குமானால், வலிக்குக் கொடுக்க மனத்தில் எவ்வளவு இடம் மிஞ்சியிருக்கும்? வலி மறைந்துவிடவும் இல்லை. பெரும்பாலான தசகங்களின் இறுதிச் சுலோகம், குருவாயூரப்பனை விளித்து, என் ரோகத்தைத் தீர்க்கலாகாதா என்று கேட்பதாகவே முடிகிறது. ஆயினும் ஒன்பது சுலோகங்களைக் கதைக்குக் கொடுத்த பின்னரே, பத்தாவதில் அவர் தம் உடம்பைப் பற்றிப் பேசுகிறார். இந்த விகிதத்தில்தான் அவருடைய பலம் இருந்தது என்பது என் துணிபு.

நூறாவது தசகத்தில் பகவானுடைய திருவுருவத்தைக் கேசம் முதல் பாதம் வரை வர்ணித்து, உலகோர்க்கு ஆயுளும் நலமும் வேண்டி நூலை முடிக்கிறார். அந்த இறுதிச் சொற்களின் எழுத்துகளைக் கடபயாதி முறைப்படி எண்ணாக்கினால், கலியுகத்தின் 17,12,210-ஆவது நாள் கிடைக்கும். அது 1586-ஆம் ஆண்டின் இறுதிப் பகுதி. கணிதம் அறிந்த குருவின் சீடர், நோய்ப்படுக்கையிலும் தேதியிட மறக்கவில்லை!

திருவாரூரில் முத்துசுவாமி தீட்சிதர் காலத்தில் இவ்வழக்கம் வேறோர் உருவம் கொண்டது. சுத்தமத்தளம் வாசித்த தம்பியப்பன் என்ற சீடர் தீராத வயிற்று வலியால் வருந்த, தீட்சிதர் அவர் ஜாதகத்தில் குருவின் பலம் குன்றியிருக்கக் கண்டு, பிருகஸ்பதியின்மீது அடாணா ராகத்தில் ஒரு கிருதி செய்து பாடச் சொன்னார் என்பது சங்கீத வித்துவான்கள் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. வாரத்தின் ஏழு நாட்களுக்கும் உரிய கிருதிகள் அந்தத் தொடக்கத்திலிருந்தே வளர்ந்தன. சூளாதி ஸப்த தாளங்கள் ஏழும் நாளுக்கொன்றாக அவற்றில் அமைந்திருக்கின்றன. சனிக்கு யதுகுலகாம்போதியும் ஏக தாளமும், சந்திரனுக்கு அஸாவேரியும் மட்ய தாளமும். கிரக சாந்தியில் நம்பிக்கை இல்லாதவரும் ஒன்றைக் கவனிக்கலாம்: நோயாளியோ தாளத்திலேயே வாழ்ந்த மத்தளக்காரர், அவருக்குக் கிடைத்த ஔஷதமும் தாளத்தோடு பின்னியதாகவே இருந்தது.

பட்டதிரி நோயிலிருந்து எழுந்தபின் 'பிரக்ரியா ஸர்வஸ்வம்' என்ற பெரிய வியாகரண நூலைச் செய்து முடித்தார். தமிழ்நாட்டில் சேங்காலிபுரம் அனந்தராம தீட்சிதருடைய பிரவசனங்களால் நாராயணீய பாராயணம் வீடுதோறும் பரவியது. நோயுற்றவர்கள் பொருட்டு அதை வாசிக்கும் அன்பர்கள், மணிக்கணக்குப் பார்த்து ஓடாமல், தசகந்தோறும் இறுதிச் சுலோகத்தில் சற்றே நின்று, பொருளுணர்ந்து வாசிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.