வகுப்பறைக்கு விலக்கு, நூலுக்கு இசைவு: தில்லி ஒளிநகல் வழக்கு

2012 ஆகஸ்டில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் டெய்லர் அண்ட் பிரான்சிஸ் நிறுவனமும் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. எதிர்த்தரப்பில் தில்லிப் பல்கலைக்கழகமும், தில்லி பொருளியல் பள்ளி வளாகத்தில் இயங்கிய ராமேஸ்வரி ஒளிநகல் கடையும் நின்றன. பாடத்திட்டம் குறிப்பிட்ட நூற்பகுதிகளைத் தொகுத்து நகலெடுத்து மாணவருக்கு விற்பதற்கு உரிமம் பெற வேண்டும் என்பது பதிப்பகங்களின் வாதம்.

2016 செப்டம்பர் 16 அன்று நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். டிசம்பரில் மேல்முறையீட்டை விசாரித்த இரு நீதிபதிகள் அமர்வு, உண்மை நிலை குறித்த விசாரணைக்கு வழக்கை மீட்டளித்தது. எனினும் கற்பித்தலின் தேவையே நகலின் அளவைத் தீர்மானிக்கும் என்ற கொள்கையை ஏற்றது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன.

இத்தீர்ப்பு ஆய்வாளர்களுக்கும் பொதுவான விடுதலை எனப் பலர் கருதுகின்றனர். அது பிழை. தீர்ப்பு சார்ந்து நின்றது, 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் கற்பித்தலின்போது வழங்கப்பட்ட விலக்கின்மீது. வகுப்பில் தடையின்றிப் பகிரப்படும் ஒரு நிலப்படத்தையோ முழுக் கவிதையையோ ஆய்வாளர் தம் நூலில் அச்சிடும்போது அவ்விலக்கு துணை வராது. அங்கே திறனாய்வுக்கும் மதிப்புரைக்கும் உரிய நியாயமான கையாள்கை என்ற விதியே எஞ்சுகிறது. எத்தனை சொற்கள் வரை நியாயம் என்று சட்டம் வரையறுக்கவில்லை. இந்த ஐயத்தால் பதிப்பகங்கள் எழுத்து வடிவிலான இசைவைக் கேட்கின்றன. அதைப் பெறும் பொறுப்பும் செலவும் பெரும்பாலும் நூலாசிரியர்மீதே விழுகின்றன.

இவ்வழக்கில் இன்னொரு முரண் உண்டு. நகலெடுக்கப்பட்ட நூல்களை எழுதிய அறிஞர் பலர், வழக்கைக் கைவிடுமாறு பதிப்பகங்களுக்குக் கூட்டாக எழுதினர். வழக்கு அதனால் நிற்கவில்லை. வழக்காடும் உரிமை பதிப்பகங்களின் கையில் இருந்தது. உரிமையை முழுமையாக எழுதிக் கொடுத்தவர், தம் பழைய கட்டுரையைப் பின்னாளில் தொகுப்பில் சேர்க்கவும் பிறரிடம் இசைவு கேட்க நேரிடும்.

இங்கே சட்டத்தின் 19ஆம் பிரிவு கவனிக்கத்தக்கது. உரிமை மாற்று ஆவணத்தில் காலம் குறிப்பிடப்படாவிடில் 5 ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிடில் இந்தியா மட்டும் என்றும் அது கொள்கிறது. பதிப்பகங்களின் ஒப்பந்தப் படிவங்களோ பெரும்பாலும் உலகம் முழுமைக்கும், பதிப்புரிமை நீடிக்கும் காலம் முழுமைக்கும் உரிமை கோருகின்றன. அக்காலம் ஆசிரியரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் ஆகும். ஆகவே, தம் எழுத்தை மறுபடி பயன்படுத்தும் உரிமையை ஆய்வாளர் கேட்டுப் பெற வேண்டிய இடம், கையொப்பத்திற்கு முந்தைய ஒப்பந்தமே.