பழைய ஏட்டை எப்போது ஆற்றில் விடுவது?

சில வருஷம் முன்னாடி, வானகரம் மீன் மார்க்கெட் வியாபாரி ஒருவருக்குக் கணக்கு வைக்க ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். ஒரு நாள் விடியற்காலை, சேவ் ஆகும்போது கரண்ட் போச்சு. திரும்ப வந்தபோது ஃபைல் இருந்தது. அளவு 0 பைட். "தம்பி, யார் எவ்வளவு பாக்கின்னு இப்ப எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

தப்பு என்னுடையதுதான். பழைய ஃபைலின் மேலேயே எழுதியிருந்தேன். எழுதத் திறந்த கணமே பழையது காலி.

ஓலைச்சுவடிக் காலத்து முறை நமக்குத் தெரியும்: புதிய ஏட்டில் படி எடுத்து முடித்த பிறகே பழையதை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடுவது. படி எடுக்காமலே போனவை ஏராளம். கரிவலம்வந்தநல்லூர் கோயில் ஏடுகள் நெருப்பில் இடப்பட்டதை உ.வே.சா. வேதனையோடு எழுதியிருக்கிறார்.

கணினியிலும் அதே விதிதான். புதியதை வேறு பெயரில் எழுது, முடிந்ததும் பெயரை மாற்று. ஆனால் பெயர் மாறும் அந்தக் கணத்தில்தான் சிக்கல்.

1979-ல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பின் கர்னலில் 'ரீநேம்' கிடையாது. 'எம்வி' கட்டளை முதலில் பழைய ஃபைலை நீக்கும், பிறகு அந்தப் பெயரைப் புதியதற்குக் கொடுக்கும். நடுவில் மெஷின் படுத்தால் அந்தப் பெயரில் எதுவுமே மிஞ்சாது. 1983-ல் பெர்க்லியின் 4.2 பிஎஸ்டி இந்த இடைவெளியை மூடியது: பழையதோ புதியதோ, ஏதாவது ஒன்று எப்போதும் இருக்கும்.

டாஸ் அப்படியில்லை. அதே பெயரில் ஃபைல் இருந்தால் பெயர் மாற்றவே மறுக்கும். 1989-ல் வந்த சி மொழித் தரமும் இதில் முடிவு சொல்லாமல் அந்தந்த சிஸ்டத்திடமே விட்டுவிட்டது. விண்டோஸில் இதற்கெனத் தனி வழிகள் பின்னால் வந்தன. ஆனாலும் வேறொரு புரோகிராம் அந்த ஃபைலைத் திறந்து வைத்திருந்தால் பெரும்பாலும் முடியாது என்றுவிடும். பைதான் 3.3 வந்தபோதுதான் (2012) எல்லாவற்றுக்கும் பொதுவாக 'ரீப்ளேஸ்' கிடைத்தது.

லினக்ஸும் தப்பவில்லை. 2009-ல் ஈஎக்ஸ்டி4 பயன்படுத்தியவர்கள் பலர், மெஷின் திடீரென நின்ற பிறகு, காலி ஃபைல்களைப் பார்த்தார்கள். பெயர் மாறியது வட்டில் பதிந்திருந்தது; உள்ளடக்கம் இன்னும் பதியவில்லை. பிறகு கர்னலில் சரி செய்தார்கள். ஆனாலும் பாடம் இதுதான்: அதே ஃபோல்டரில் எழுது, 'எஃப்சிங்க்' போட்டு வட்டில் பதிய வை, அப்புறம் பெயரை மாற்று.

இப்போது என் புரோகிராம் அப்படித்தான் செய்கிறது. வியாபாரி மட்டும் ஒரு நோட்டிலும் எழுதி வைக்கிறார். நான் வேண்டாமென்று சொல்லவில்லை.