டெல்ஃபேர் அரணையும் ரவுண்ட் தீவும்

டெல்ஃபேர் அரணை என்பது மொரிசியசுக்கு வடக்கே சுமார் 22 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ரவுண்ட் தீவில் மட்டுமே நெடுங்காலம் எஞ்சியிருந்த அரணை இனமாகும். இதன் அறிவியல் பெயர் லியோலோபிஸ்மா டெல்ஃபேரி. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் வயல் வரப்புகளில் ஓடும் அரணையைவிடப் பெரியது. வாலோடு சேர்த்து ஓரடிக்கும் மேல் வளரும். பூச்சி, பழம், சிறு பல்லி எனக் கிடைத்ததைத் தின்னும். தன் இனக் குஞ்சுகளையும் விடாது. அரணை கடித்தால் மரணம் என்று நம் ஊரில் சொல்வார்கள். எந்த அரணைக்கும் நஞ்சு கிடையாது.

மொரிசியசு புதுச்சேரிக்குப் புதிய ஊரன்று. 1735இல் ஆளுநராக வந்த லா பூர்தொனே காலத்தில் போர்ட் லூயி துறைமுகப் பணிகளுக்குப் புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் சென்றனர். அந்தப் பெருந்தீவிலும் ஒருகாலத்தில் இந்த அரணை வாழ்ந்ததற்கு அங்கே கிடைத்த பழைய எலும்புகள் சான்று. கப்பல்களில் வந்திறங்கிய எலிகளே அங்கு அது அழிய முக்கியக் காரணம் என்பர். இதைவிடப் பெரிய டிடோசாரசு என்ற அரணையும் அப்படியே மறைந்தது. ரவுண்ட் தீவின் கரை செங்குத்தான பாறை; கப்பல் அணைய இடமில்லை. எனவே எலி ஏறவில்லை, அரணை பிழைத்தது.

1831இல் ஜூலியன் தெஜார்தன் இதை விவரித்து, மொரிசியசில் வாழ்ந்த அயர்லாந்து இயற்கையாளர் சார்லசு டெல்ஃபேரின் பெயரைச் சூட்டினார். அதே நூற்றாண்டில் ரவுண்ட் தீவில் ஆடுகளும் முயல்களும் விடப்பட்டன. எலியிடம் தப்பிய தீவு ஆட்டிடம் சிக்கியது என்றே சொல்ல வேண்டும். பனையினக் கன்றுகளை அவை மேய்ந்தன. வேர்ப்பிடிப்பு இழந்த மண் மழைக்குக் கடலில் கரைந்தது. மண்ணில் வளை தோண்டி வாழ்ந்த ஒரு பாம்பினம் 1975க்குப் பின் காணப்படவில்லை.

1976இல் ஜெரால்டு டரல் அங்கு சென்று, பிடித்த ஊர்வனவற்றை ஜெர்சியிலுள்ள தன் விலங்குக்காட்சிச் சாலைக்குக் கொண்டுபோய் இனப்பெருக்கம் செய்யவைத்தார். 1979க்குள் ஆடுகளும் 1986இல் முயல்களும் ஒழிக்கப்பட்டன. செடிகள் தழைத்தன, அரணைகளும் பல மடங்கு பெருகின. ஒரே தீவில் புயலோ தீயோ வந்தால் இனமே போய்விடும் என்பதால், 2006–07இல் இல் ஒ எக்ரெத், கன்னர்சு குவாய்ன் ஆகிய தீவுகளிலும் அவை விடப்பட்டன.

பக்கத்திலுள்ள பிளாட் தீவில் மட்டும் வாழ்ந்த ஆரஞ்சு வால் அரணைக்கு அவ்வளவு அவகாசம் கிடைக்கவில்லை. 2010இல் அங்கே மூஞ்சூறு நுழைந்தது. நம் வீட்டுச் சுவரோரம் ஓடும் அதே மூஞ்சூறுதான். ஓரிரு ஆண்டுகளில் பிளாட் தீவில் அந்த அரணை இல்லாமல் போயிற்று. கன்னர்சு குவாய்னுக்கு மாற்றப்பட்டவற்றின் வழித்தோன்றல்கள் இன்று வாழ்கின்றன.