டிரிம் கேபிளின் இரு முனைகள்

விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்குவது வாலில் உள்ள எலிவேட்டர். வேகமோ சுமையோ மாறும்போதெல்லாம் விமானி ஸ்டிக்கைத் தள்ளிப் பிடித்தோ இழுத்துப் பிடித்தோ சமன்செய்ய வேண்டும். அந்தக் கைச்சுமையைக் குறைக்க வந்ததுதான் டிரிம். சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களின் கவலை பெரும்பாலும் டிரிம் கேபிள் போகும் பாதையைப் பற்றியது: எந்தத் தடுப்பில் துளையிடுவது, எங்கே புல்லி பொருத்துவது, இருக்கைக்கு அடியில் எப்படி ஒதுக்குவது. இந்த அமைப்பின் வரலாற்றைப் பார்த்தால், ஆபத்து பாதையைவிட அதன் இரு முனைகளில்தான் அதிகம் பதுங்கியிருந்தது என்று தோன்றுகிறது.

1930களின் இறுதியில் வந்த பைப்பர் ஜே-3 கப் விமானத்தில், இருக்கையருகே உள்ள சிறு கைப்பிடியைச் சுற்றினால் கேபிள் ஒன்று ஓடி வாலில் உள்ள திருகுக் கம்பியைச் சுழற்றும். திருகு கிடைமட்ட வாலின் முன்விளிம்பையே உயர்த்தும், தாழ்த்தும். கைப்பிடியால் திருகைச் சுற்றலாம். காற்றின் அழுத்தத்தால் அதைத் திருப்பிச் சுற்ற முடியாது. எனவே கேபிள் தளர்ந்தாலும் அறுந்தாலும் வால் நின்ற இடத்திலேயே நிற்கும். எளிய விமானம், அபாரமான யோசனை. பின்னர் ஆர்.வி. வரிசை போன்ற கிட் விமானங்களில், எலிவேட்டரின் பின்விளிம்பில் உள்ள டேப் என்ற சிறு மடலை அசைக்க, போடன் வகைக் கேபிள் வந்தது. 1896இல் எர்னஸ்ட் போடன் காப்புரிமை பெற்று, சைக்கிள் பிரேக்கில் ஊரறிந்த, உறைக்குள் கம்பி ஓடும் அந்த ஏற்பாட்டின் வழிவந்தது இது. புல்லிகள் மறைந்தன, பாதை எளிதானது. ஆனால் எலிவேட்டரின் கீலைத் தாண்டும் இடத்தில் கேபிள் ஒவ்வொரு அசைவுக்கும் வளைகிறது; அதன் உறையை இறுகப் பிடிக்கும் தாங்கி அசைந்தால் டேப்பும் அசையும்.

பாதையை அலட்சியப்படுத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. வழிகாட்டித் துண்டு கேபிளை 3 டிகிரிக்கு மேல் திருப்பக் கூடாது என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் கையேடு சொல்வது காரணத்தோடுதான். ஆனால் நடுவில் உரசும் கேபிள் முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும். துணியால் பிடித்து நீள இழுத்தால் அறுந்த இழை துணியில் மாட்டும், கைப்பிடியும் கனக்கும். முனையில் வரும் பிழை அப்படி எச்சரிப்பதில்லை.

2003 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் கரையருகே ஒரு பீச் 1900டி விமானம் கடலில் விழுந்து விமானிகள் இருவரும் இறந்தனர். முன்பகுதி டிரிம் கேபிளை மாற்றியபின் அதன் முதல் பறப்பு அது. டிரிம் நேர்மாறாக வேலைசெய்யும்படி கேபிள் பொருத்தப்பட்டிருந்தது. பராமரிப்புக் கையேட்டின் படத்திலேயே கேபிள் சுற்றப்படும் டிரம் தலைகீழாக வரையப்பட்டிருந்தது. 2011இல் ரீனோ விமானப் பந்தயத்தில் பி-51 விமானம் ஒன்று விழுந்து 11 பேர் இறந்தபோது குற்றவாளி வால்முனை: தேய்ந்த பூட்டுநட்டுகளால் டேப்பின் திருகுகள் தளர்ந்து, டேப் படபடத்து உடைந்தது. இரண்டும் வீட்டில் கட்டியவை அல்ல என்பது நியாயமான ஆட்சேபம். ஆனால் டிரம்மும் கீலும் திருகும் யார் கட்டினாலும் ஒரே இயற்பியலுக்குக் கட்டுப்பட்டவை. பழகிய மெக்கானிக்குகளின் கண்ணுக்கே தப்பியவை முதல்முறை கட்டுகிறவரின் கண்ணுக்கு இன்னும் எளிதாகத் தப்பும்.

இப்போது பலர் சிறு சர்வோ மோட்டாரை எலிவேட்டருக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள், நீளக் கேபிளே தேவைப்படுவதில்லை. கப் விமானத்தைப் போலவே, நகர்த்தும் பொறி வாலுக்கே போய்விட்டது. ஆயினும் இரண்டு ஒயர்கள் இடம் மாறினால் டிரிம் நேர்மாறாகும். மூக்கு மேலெழ டேப் கீழிறங்க வேண்டும் என்பதால், பார்த்த மாத்திரத்தில் சரி எது, தவறு எது என்று குழம்புவது சுலபம். அதனால்தான் முதல் பறப்புக்கு முன் ஒருவர் காக்பிட்டில் சுவிட்சை அழுத்த, இன்னொருவர் வாலருகே நின்று டேப் எந்தப் பக்கம் போகிறது என்று சத்தமாகச் சொல்ல வேண்டும்.